கைபேசிக்குள் ஓர் ஏணி: கூச்சம் குறித்துச் சில குறிப்புகள்

1

கூச்சத்தைச் சுபாவம் என்றே நாம் சொல்லிவந்திருக்கிறோம். 'அவன் சங்கோஜி', 'அந்தப் பொண்ணு வாயே திறக்காது' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு, தனது மூன்றாம் பதிப்பில் 'சமூக அச்சம்' என்பதைத் தனி நோயாகப் பட்டியலிட்டது. 1999இல் பராக்ஸெடின் என்னும் மனச்சோர்வு மாத்திரையை இந்த நோய்க்கும் விற்க அங்கே அனுமதி கிடைத்தது. சுபாவத்திற்கும் நோய்க்கும் இடையிலான கோடு நகரக்கூடியது என்பதும், அதை நகர்த்தியதில் சந்தைக்கும் பங்குண்டு என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

கூச்சத்தைக் குறைக்கும் கைபேசிச் செயலிகள் இந்த வரிசையில் அடுத்து வருபவை. இவை பற்றி நம்மிடையே இரண்டே பேச்சுகள்தாம். 'எல்லாம் கார்ப்பரேட் ஏமாத்து வேலை' என்பது ஒன்று. 'டாக்டர்கிட்ட போக வசதியில்லாதவனுக்கு இதாவது இருக்கே' என்பது மற்றொன்று. செயலி என்னதான் செய்கிறது என்று இரண்டுமே கேட்பதில்லை. அப்படியான ஒன்றைச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

2

பெரும்பாலான செயலிகளுக்குள் இருப்பவை இரண்டு பழைய உத்திகள். முதலாவது, 1960களில் ஆரோன் பெக் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையிலிருந்து வருவது. மனதில் ஓடும் எண்ணத்தை எழுது, அதற்கு ஆதாரம் உண்டா என்று கேள், வேறு விளக்கம் சாத்தியமா என்று பார். இரண்டாவது, ஏணி. இதன் வேர் ஜோசப் வோல்ப் 1958இல் எழுதிய நூலில் இருக்கிறது. பயப்படும் காரியங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்க வேண்டும். கடைக்காரரிடம் விலை கேட்பது கீழ்ப்படி என்றால் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பது மேல்படி. ஏறியபின், நடக்கும் என்று பயந்ததையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இது ஏன் வேலை செய்கிறது? டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவும். கூச்சப்படுபவரின் கவனம் எதிரில் இருப்பவர்மேல் இல்லை; தன்மேலேயே திரும்பிக்கிடக்கிறது. 'நாலு பேரு என்ன நெனைப்பாங்க' என்ற கண்ணால் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தப்பிக்கச் சில சின்னத் தந்திரங்கள் செய்கிறார்: பேச வேண்டியதை மனதுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்ப்பது, முகம் பாராமல் இருப்பது. ஆபத்து எதுவும் நேராதபோது, 'இந்தத் தந்திரத்தாலதான் தப்பிச்சேன்' என்று தோன்றுகிறது. எனவே பயம் அப்படியே நிற்கிறது.

கல்யாண மண்டபத்தின் மூலையில் கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பதும் இப்படியொரு தந்திரமே. ஒளியும் இடத்திலேயே மருந்தும் வைக்கப்பட்டிருக்கிறது. ஏணி கைபேசியில் இருக்கலாம். மேல்படியில் இருப்பது ரத்தமும் சதையுமான இன்னொரு முகம்.

3

இனி, சிக்கல்கள். ஆதாரம் கேட்கும் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'அவர்கள் என்னைக் கேவலமாக நினைக்கிறார்கள்' என்று எழுதினால், பிறர் மனதைப் படிப்பதாக நினைப்பது சிந்தனைப் பிழை என்கிறது செயலி. பல நேரங்களில் அது சரி. ஆனால் நேர்காணலில் ஊரையும் தெருவையும் சுற்றிவளைத்து விசாரிக்கப்படும் ஒரு தலித் இளைஞருக்கு? அவர் படித்தது சரியான வாசிப்பு. கூனிக் குறுகி நிற்கும்படி தலைமுறைகளாகப் பழக்கப்பட்ட உடலின் அச்சத்தை மூளையின் கோளாறாக மட்டும் பெயர்த்துவிட்டால், பழக்கியவர்கள் காட்சியிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். பெண்ணுக்கோ அச்சமும் நாணமும் குணங்களென்று போதிக்கப்பட்டவை. வீட்டில் அணிகலனாக இருப்பது வேலைக்குப் போகும் இடத்தில் நோயாகிவிடுகிறது.

இன்னொன்று, அந்தரங்கம். ஒப்புக்கொடுத்தலின் வழியே தன்னிலை உருவாக்கப்படுவதை மிஷெல் ஃபூக்கோ 1976இலேயே பேசியிருக்கிறார். இன்று அந்த ஒப்புக்கொடுத்தல் விற்பனைச் சரக்கு. பயனர்களின் மனநலத் தகவல்களை விளம்பர நோக்கில் ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக, இணையவழி ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலருக்குச் சமரசமானது. நிலைத்தன்மையும் உறுதியில்லை. 2017இல் வந்த வோபாட் என்ற உரையாடல் செயலி 2025 ஜூனில் மூடப்பட்டது. ஏறிக்கொண்டிருப்பவரைக் கேட்டுக்கொண்டு யாரும் ஏணியை எடுப்பதில்லை.

4

ஆக, தூக்கியெறிவதா? வேண்டாம். ஏணி நல்ல கருவி. ஒரு நோட்டுப் புத்தகத்திலும் அதை வரையலாம். வெளியே இறங்கவே முடியாதபடி அச்சம் முடக்கினால் மனித உதவி வேண்டும். 2022இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம்.

ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம், மேடையே ஏறியிராதவர்களை மேடையேற்றியது. அதுவும் ஏணிதான், பலர் சேர்ந்து பிடித்துக்கொண்ட ஏணி. நம் இலக்கியக் கூட்டங்களிலோ அதே நாலைந்து பேர் பேசுகிறோம். மற்றவர்கள் கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். புதிதாக ஒருவர் எழுந்து தடுமாறினால் 'ஃபூக்கோவைப் படிச்சிட்டு வாங்க' என்கிறோம். அவரது பயத்திற்கான ஆதாரத்தை நாமே தயாரித்துக் கொடுக்கிறோம். அடுத்த கூட்டத்தில், இதுவரை பேசாதவர்கள் முதலில் பேசட்டும். திக்கினால் காத்திருப்போம்.