ஏ.சி. காற்றில் வந்த எமன்! ஆஸ்பத்திரிக்குப் போன 22 பேர் பலி

டாக்டரிடம் உடம்பைக் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனார்கள். மருந்துச் சீட்டோடு சாவையும் வாங்கிக் கொண்டு வீடு திரும்பினார்கள்!

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மாவட்டப் பொது ஆஸ்பத்திரியில் 1985-ம் வருடம் ஏப்ரல் மாதம் நடந்த பயங்கரம் இது. ஆஸ்பத்திரி ஒன்றும் பழைய கட்டிடம் அல்ல. 1983-ல் திறந்தது.

காய்ச்சல், இருமல், உடம்பு வலி. பார்த்தால் சாதாரண புளூ காய்ச்சல் மாதிரி தெரியும். பிறகு நுரையீரலில் சளி கட்டி மூச்சு முட்டும். நோய் உறுதியாகி ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றவர்கள் 68 பேர். அதில் 22 பேர் செத்துப் போனார்கள். இதே நோயாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் இன்னும் 35 பேர். அத்தனை பேரும் அந்த ஏப்ரலில் அதே ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தவர்கள்!

சிக்கியது ஓ.பி.!

துப்புத் துலக்க டாக்டர்கள் இறங்கினார்கள். யார் எந்தப் பக்கம் போனார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று போலீஸ் விசாரணை போலவே நடந்தது. எல்லோருடைய கதையும் ஒரே இடத்தில் போய் முட்டியது. அதுதான் ஓ.பி. என்கிற வெளிநோயாளிகள் பிரிவு. ஆஸ்பத்திரியின் மற்ற இடங்களில் இந்த ஆபத்து தென்படவில்லை.

ஓ.பி.க்குக் குளிர்காற்று அனுப்பிய ஏ.சி. பிளான்டைச் சோதித்தார்கள். அதன் தண்ணீரில் குற்றவாளி பிடிபட்டான். பெயர் லெஜியனெல்லா. 1976-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா ஓட்டலில் கூடிய மாஜி ராணுவத்தினரைக் கொன்ற அதே ஜாதிக் கிருமி. அந்த 'லெஜியன்' சங்கத்தின் பெயரையே இதற்கு வைத்து விட்டார்கள்.

வளைந்த குழாய்

பெரிய ஏ.சி.யின் சூட்டைத் தணிக்க, கூலிங் டவர் என்ற கோபுரத்தில் தண்ணீரைத் தெளித்துக் காற்றில் ஆற விடுவார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாசி, துரு. இந்தக் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? 20 முதல் 45 டிகிரி வெப்பம் என்றால் குஷியாக வளரும். சாதாரணமாக ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலையாக மாறி மூச்சில் ஏறினால்தான் வினை.

ஸ்டாஃபோர்டில் கோபுரத்துத் தண்ணீரில் மட்டுமல்ல, ஓ.பி.க்குப் போகும் காற்றைக் குளிர வைக்கிற கருவியிலும் கிருமி இருந்தது. வீட்டு ஏ.சி.யில் தண்ணீர் சொட்டுகிறதல்லவா? அதே மாதிரி இந்தக் கருவியிலும் சொட்டும். அது வடிய அடியில் ஒரு குழாய். வாஷ்பேசினுக்குக் கீழே இருப்பதைப் போல வளைந்த குழாய். அந்த வளைவில் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். அங்கேதான் கிருமித் தண்ணீர் நுண்ணிய திவலையாகச் சிதறிக் காற்றோடு கலந்திருக்க வேண்டும் என்று இன்ஜினீயர்கள் செய்து பார்த்த சோதனை காட்டியது. டாக்டர் கூப்பிடும் வரை காத்திருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். அவ்வளவுதான்!

கையளவு குழாய் வளைவு செய்த வேலையைப் பாருங்கள்.

ஊழியர்கள் ரத்தத்திலும்!

இன்னொரு திடுக்கிடும் தகவலும் வெளியானது. ஊழியர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பேரிடம் இந்தக் கிருமிக்கான எதிர்ப்பு அடையாளம் இருந்தது. சிலருக்கு 5 மாத காலத்தில் லேசான காய்ச்சல் வந்து போயிருக்கிறது. புளூ என்று நினைத்து வேலைக்கு வந்திருப்பார்கள், பாவம்.

இத்தனை கூத்துக்கும் பிறகு, 1985 நவம்பரில் கூலிங் டவர் தொட்டியில் மறுபடியும் அதே கிருமி!

தடுக்கும் வழி பெரிய ரகசியம் இல்லை. தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவணும். கிருமி மருந்து போடணும். கோபுரத்துச் சாரல் எட்டாத இடத்தில் காற்று இழுக்கும் ஜன்னலை வைக்கணும். சென்னையிலும் பெரிய கட்டிடங்களின் மொட்டை மாடிகளில் இதே கோபுரங்கள் சுற்றுகின்றன. ஏ.சி. ரூமுக்குத் தனி பில் கட்டுகிற நோயாளி, தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேட்கவா போகிறார்?

இங்கிலாந்து அரசாங்கம் சர் ஜான் பேடனாக் தலைமையில் விசாரணைக் கமிட்டி போட்டது. 1992-ல் புதுச் சட்டமும் வந்தது. அதன்படி கூலிங் டவர் வைத்திருப்பவர்கள், அது எங்கே இருக்கிறது என்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.