மூட்டக்கரியும் மெல்லிய மாங்கனீசும்

பந்தல்குடி, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, காற்றை ஒடுக்கி மூட்டம் போடுவார்கள். பிரித்தால் கரி. அடுப்புக்குப் போகும் அந்தக் கரியை மின்தேக்கிக்கும் பதப்படுத்தலாம்.

கரியின் சாம்பலைக் கழுவி, நீராவியில் சூடேற்றித் துளைகளைத் திறந்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் போட்டால் ஊதா நிறம் மெல்ல வெளுக்கும். கரியின் ஒரு பங்கு கார்பனேட்டாகிக் கரைய, மாங்கனீசு டைஆக்சைடு கரிமேல் படியும். படிந்த படலமே கரியைக் கரைசலிலிருந்து மறைத்துவிடுவதால் வினை தானாக ஓய்ந்துவிடும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தினர் 2007இல் நுண்துளைக் கார்பனில் இதைச் செய்து காட்டினார்கள். படலத்தின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர்தான். கரைசல் நடுநிலையில் இருக்க வேண்டும். அமிலமானால் பெர்மாங்கனேட் தானே சிதைந்து துளை வாயை அடைத்துவிடும்.

இவ்வளவு மெலிவு எதற்கு? மின்னூட்டத்தைச் சேமிக்கத்தான் மாங்கனீசு ஆக்சைடைப் பூசுகிறோம், ஆனால் அது மின்சாரத்தை மோசமாகத்தான் கடத்தும். அயனிகளும் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் உள்ளே போவதில்லை. கணக்குப்படி ஒரு கிராம் ஆக்சைடுக்கு சுமார் 1,370 ஃபாரட் மின்தேக்குதிறன் கிடைக்க வேண்டும். தடித்த மின்முனையில் அதில் சிறு பங்குதான் தேறும். உள்ளே இருப்பதெல்லாம் வெறும் சுமை. ஒரு கன சென்டிமீட்டர் ஆக்சைடுக் கட்டியை ஒரு நானோமீட்டர் தாள்களாகச் சீவ முடிந்தால், இருபுறமும் சேர்த்து 2,000 சதுர மீட்டர் பரப்பு வரும். ஏறக்குறைய ஐம்பது சென்ட் புஞ்சை!

நிஜமாகவே சீவுகிறார்கள், கத்தி இல்லாமல். ஜப்பானில் சசாகி குழுவினர் 2003இல் வெளியிட்ட முறை இது: அடுக்கடுக்கான மாங்கனீசு ஆக்சைடின் இடுக்குகளில் உள்ள பொட்டாசியத்தை அமிலத்தால் வெளியேற்றி, அங்கே டெட்ராபியூட்டைல் அம்மோனியம் என்ற பருத்த அயனியைப் புகுத்துவார்கள். அடுக்குகள் உப்பி, ஒவ்வொன்றாகப் பிரிந்து நீரில் மிதக்கும். ஒரு தாள் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. ஆனால் உலர்த்தியதும் அவை மறுபடி ஒட்டிக்கொள்ளும், பட்ட பாடு வீண். அதனால்தான் எனக்குக் கரி வழி பிடித்திருக்கிறது. அங்கே ஆக்சைடு பிறக்கும்போதே கடத்தியைப் பிடித்துக்கொண்டு பிறக்கிறது.

இந்த மின்தேக்கிகள் ராத்திரி முழுக்க விளக்கெரிக்க உதவா. எடைக்கு எடை லித்தியம் பேட்டரியே பல மடங்கு ஆற்றலைத் தாங்கும். ஆனால் இவை நொடிகளில் நிரம்பி, நொடிகளில் கொடுக்கும். பக்கத்துக் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரியப் பூங்கா போன்ற இடங்களில், மேகம் கடக்கும்போது உற்பத்தி சட்டென்று சரியும். இவற்றுக்கு ஏற்ற வேலை, அந்தச் சில நொடிச் சரிவைத் தாங்குவது.