தாய் வீட்டுக்காரி ஆன கதை

தனிமனிதர்கள் தம் வீட்டு அறையிலிருந்தே சிருஷ்டித்து வெளியிடும், வயது வந்தோர்க்கு மட்டுமே உரிய கம்ப்யூட்டர் விளையாட்டுகள் பலவற்றில், 2018-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு விசித்திரமான உருமாற்றம் நிகழ்ந்தது. அதுவரை கதாநாயகனுக்குத் தாயாக இருந்தவள், முகமும் உடையும் சமையலறையும் சிறிதும் மாறாதிருக்க, திடீரென்று அவனுடைய வீட்டுக்காரி ஆகிவிட்டாள். தமக்கையாக இருந்தவள் உடன் குடியிருப்பவள் ஆனாள். பல்லாயிரம் பேருடைய ஆதரவைப் பெற்றிருந்த 'சம்மர்டைம் சாகா'வும் இந்த மாற்றத்துக்குத் தப்பவில்லை. வாடகை எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாற்றத்தை அழிக்கும் மருந்தும் கூடவே பிறந்துவிட்டதுதான். இவ்வகை விளையாட்டுகளிற் பல, 'ரென்பை' என்ற இலவசக் கருவியைக் கொண்டு செய்யப்படுபவை. காதலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லையும் பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் பெயரையும் ஒட்டிப் பெயரிடப்பட்டு 2004-இல் வெளிவந்த அந்தக் கருவியில், வசனங்கள் சாதாரண எழுத்தாகவே கோப்புகளில் எழுதப்படுகின்றன. ஆகவே உறவுமுறைச் சொற்களைப் பழையபடி திருத்திக் கொடுக்கும் ஒரு சின்னஞ்சிறு கோப்பை ரசிகர் ஒருவர் எழுதி, வேறோர் இடத்தில் வைத்துவிட்டால் போதும். வேண்டியவர்கள் அதை எடுத்து விளையாட்டோடு சேர்க்க, வீட்டுக்காரி மறுபடியும் தாயாகிவிடுவாள். படம் ஒன்றே, செயல் ஒன்றே. விலக்கப்பட்டது ஒரு சொல் மாத்திரம்.

இக்கதைகளில் எனக்கு ருசி கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவற்றைக் கலை என்று அழைக்க நா எழவில்லை. குழந்தைகளைக் காமப் பொருளாக்கும் சித்திரம் எங்கிருந்தாலும் அகற்றப்பட வேண்டியது என்பதிலும் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் தாயை வீட்டுக்காரி ஆக்கும்படி கட்டளையிட்டவர் யார் என்று தேடிப் புறப்பட்டால், அந்தப் பாதை சட்டசபைக்கோ நியாயஸ்தலத்துக்கோ போகாமல், முற்றிலும் வேறொரு வாசலில் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் நாம் சந்திப்பது பேட்ரியான் என்ற ஸ்தாபனம். ஜாக் காண்டி என்ற சங்கீதக்காரர், 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் வரும் விண்கலத்தின் உட்புறத்தைப் போலவே அரங்கமைத்துப் பல ஆயிரம் டாலர் செலவில் ஒரு பாட்டுப்படம் எடுத்தார். அதற்கு யூடியூப் விளம்பரத்தில் வரக்கூடிய வருமானம் எத்தனை அற்பம் என்று கண்டு மனம் நொந்து, சாம் யாம் என்ற நண்பருடன் சேர்ந்து 2013-இல் அந்தத் தளத்தைத் தொடங்கினார். நம் மொழியில் 'புரவலர்' என்று அழகாகச் சொல்கிறோமே, அந்தப் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்தது. அன்று ஓர் அரசன் ஒரு புலவனுக்குப் பரிசில் கொடுத்தான். இங்கே ஆயிரம் சாதாரண மனிதர்கள் மாதந்தோறும் ஆளுக்கு ஐந்து டாலர் கொடுத்து ஒரு சித்திரக்காரரை ஜீவிக்கச் செய்கிறார்கள். தம் பெயரைக்கூட வெளியிடக் கூசிய விளையாட்டு ஆசிரியர்களுக்கு இது கற்பகத்தருவாக வாய்த்தது என்பதில் ஆச்சரியமில்லை. ஒரு விளையாட்டை முடித்து விற்பதற்குப் பதிலாக, மாதாமாதம் ஓர் அத்தியாயமாக வளர்த்துக்கொண்டே, வேலையை விட்டுவிட்டு அதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு.

அப்படியிருக்க, 2017 அக்டோபரில் பேட்ரியான் தன் விதிகளை விரித்து எழுதியது. குடும்பத்துக்குள்ளேயே முறைகேடான உறவு, பலாத்காரம் முதலானவற்றைக் காமச்சுவையோடு காட்டுவது, வெறும் கற்பனைச் சித்திரமே ஆனாலும், ஆகாது என்று அறிவிக்கப்பட்டது. சிருஷ்டிகர்த்தாக்கள் பலர் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தளத்தார் சமாதானம் கூறினார்கள். மறு ஆண்டு ஜூன் மாதத்தில் பலருடைய பக்கங்கள் நிறுத்திவைக்கப்பட்டபோதுதான், பணப் பட்டுவாடாவில் தம்மோடு கூட்டுச் சேர்ந்துள்ள நிறுவனங்களின் தேவையைத் தளத்தார் காரணமாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே, இத்தகைய பக்கங்களுக்குப் பேபால் என்ற பட்டுவாடா நிறுவனத்தின் வழியாகப் பணம் வராமல் நின்றுபோய், 2016-இல்தான் அது மீண்டும் சாத்தியமாயிற்று என்பதை நினைவிற் கொண்டால், விதி எழுதிய கை யாருடையது என்ற சந்தேகம் இயல்பாக எழும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சட்டம் என்ற சாமி வரம் கொடுத்துவிட்டது. அமெரிக்கச் சட்டப்படி குற்றமாகாத கற்பனை ஏராளம். ஆனால் ரசிகரின் ஐந்து டாலர் ஆசிரியரின் கைக்கு வந்து சேர்வதற்குள் கார்டு கொடுத்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு, வியாபாரியின் கணக்கை வைத்திருக்கும் வங்கி, இடையே பட்டுவாடா செய்யும் கம்பெனி என்று எத்தனையோ பூசாரிகளைக் கடந்தாக வேண்டும். ஆபாச வியாபாரம் அவர்களுக்கு அபாயகரமான வகுப்பு. மாதக் கணக்கு மனைவியின் கண்ணில் பட்டதும், 'இதை நான் வாங்கவே இல்லை' என்று பணத்தைத் திருப்பிக் கேட்கும் கணவன்மார்களும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். தளத்துக்கோ, ஒரு சிலரின் விளையாட்டுக்காக எல்லாப் பாடகர்களின், எழுத்தாளர்களின் பண வழியும் அடைபடுமோ என்ற பயம். பயந்தவன் எழுதும் விதி, பயமுறுத்தியவன் கேட்டதைக் காட்டிலும் எப்போதும் ஒரு சாண் அகலமாகவே இருக்கும்.

இந்தப் பயம் 2025-இல் உச்சத்தை எட்டியது. ஆஸ்திரேலியாவிலுள்ள 'கலெக்டிவ் ஷவுட்' என்ற அமைப்பு, பலாத்காரத்தையும் முறைகேடான உறவையும் காட்டும் விளையாட்டுகளுக்கு எதிராக, ஜூலை 11 அன்று விசா, மாஸ்டர்கார்டு, பேபால் முதலிய நிறுவனங்களின் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் விடுத்தது. அரசாங்கத்துக்கு மனுப்போடாமல் நேரே பூசாரியிடம் போனது, பலத்தின் இருப்பிடத்தை அவர்கள் சரியாகக் கண்டுகொண்டதற்கு அத்தாட்சி. சில நாட்களுக்குள் ஸ்டீம் என்ற விளையாட்டுப் பெருங்கடை, பட்டுவாடா நிறுவனங்கள், கார்டு நிறுவனங்கள், வங்கிகள் ஆகியவற்றின் விதிகளை மீறக்கூடிய எதுவும் ஆகாது என்று தன் விதிகளில் ஒரு புதிய வரியைச் சேர்த்தது. அந்த விதிகள் எவை என்பதை அவ்வரி சொல்லவில்லை. வீட்டுக்காரி என்று மாற்றினால் பிழைப்போமா என்றுகூட ஆசிரியர் கேட்க இடமில்லை. ஜூலை 24 அன்று, சிறு ஆசிரியர்களின் சந்தையாகிய இட்ச் என்ற தளம், நல்லது கெட்டது பார்க்க அவகாசமின்றி, வயது வந்தோர்க்குரியவை அனைத்தையும் தேடினால் அகப்படாதபடி ஒரேயடியாக மறைத்துவிட்டது.

கோபமுற்ற ரசிகர்கள் கார்டு கம்பெனிகளின் தொலைபேசிகளை ஓயாமல் ஒலிக்கச் செய்தார்கள். ஆகஸ்டு 1 அன்று மாஸ்டர்கார்டு ஓர் அறிக்கை விட்டது: எந்த விளையாட்டையும் தாங்கள் மதிப்பிட்டதும் இல்லை, எந்தத் தளத்தையும் கட்டுப்படுத்தச் சொன்னதும் இல்லை, சட்டப்படியான கொள்முதல் எல்லாவற்றையும் அனுமதிக்கிறோம் என்பது அதன் சாரம். ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனியோ, மாஸ்டர்கார்டு தங்களோடு நேரே பேசவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, இடையிலுள்ள பட்டுவாடாக்காரர்கள் மாஸ்டர்கார்டின் 5.12.7 என்ற விதியைக் குறிப்பிட்டே மறுத்தார்கள் என்றது. சட்டவிரோதமானதையும், தன் வணிகப் பெயருக்குக் களங்கம் விளைவிப்பதையும் தடுக்கும் விதி அது. எது களங்கம் என்று தீர்மானிக்க வேண்டியவர் தாம் தீர்மானிக்கவில்லை என்கிறார். தீர்மானித்தவர்களோ அவருடைய விதியைக் காட்டுகிறார்கள்.

அந்த அறிக்கைக்கு முந்தின நாள் இட்ச் தளம், மறைத்தவற்றில் இலவசமானவற்றை மட்டும் மீண்டும் தேடலில் காட்டத் தொடங்கியிருந்தது. விலை குறித்தவை காத்திருந்தன. எந்தக் காட்சியைக் குறித்து இத்தனை பிரஸ்தாபம் எழுந்ததோ அதில் ஒரு கோட்டைக்கூட அழிக்காமல், விலைக் கட்டத்தில் இருந்த எண்ணைப் பூஜ்யமாக்கிய ஆசிரியருக்குக் கதவு திறந்திருந்தது.