சிமென்ட் சூளையின் புகைக்கு நிலத்தடியில் ஓர் இடம்

வீடு கட்டுவோர் ஒரு மூட்டை சிமென்ட்டின் விலையை நன்கு அறிவர். அந்த 50 கிலோ மூட்டை உருவாகும்போது ஏறத்தாழ 30 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்பதை அறிந்தோர் குறைவு. மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் சிமென்ட் உற்பத்தி செய்து, சீனாவுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது இந்தியா. ஆகவே இக்கணக்கு நமக்குத் தொலைவானதன்று.

நிலக்கரியைக் கைவிட்டுச் சூரிய ஒளிக்கும் காற்றாலைக்கும் மாறினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். மின் உற்பத்திக்கு அது பெருமளவு பொருந்தும், சிமென்ட்டுக்குப் பொருந்தாது. சூளையில் 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். எஞ்சிய 44 கிலோவும் கரியமில வாயுவாக வெளியேறும். கல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கும் வாயு அது. எந்த எரிபொருளைக் கொண்டு சூளையை மூட்டினாலும் அந்த 44 கிலோ குறையாது. சிமென்ட் ஆலையின் மொத்த வெளியீட்டில் ஏறத்தாழ 60 விழுக்காடு இவ்வகையைச் சார்ந்தது. அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கலந்து சுண்ணாம்பின் அளவைக் குறைப்பதில் நம் ஆலைகள் நெடுநாளாகவே முனைப்புக் காட்டி வருகின்றன. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு அப்பால் எஞ்சும் வாயுவைப் பிடித்துப் புதைப்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி புலப்படவில்லை.

பிடிக்கும் வேதியியல் புதியதன்று. அமீன் என்னும் சேர்மங்களின் கரைசலைக் கொண்டு இவ்வாயுவைப் பிரிக்கும் முறைக்கு 1930-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. குளிர்வித்த புகை ஓர் உயர்ந்த கோபுரத்தினுள் மேலெழ, மேலிருந்து பொழியும் கரைசல் அதிலுள்ள கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்கிறது. பின்னர் அக்கரைசலை மற்றொரு கோபுரத்தில் ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால், பற்றிய வாயுவை விட்டுவிடுகிறது. கரைசல் மீண்டும் பயன்படுகிறது. செலவெல்லாம் இந்தச் சூடாக்கும் வேலையில்தான் இருக்கிறது.

அடுத்தது புதைப்பது. நிலத்தடியில் பெரிய குகையோ தொட்டியோ இருப்பதாகப் பலர் கற்பனை செய்கின்றனர். உண்மையில் வாயு தங்குவது மணற்பாறையின் நுண்துளைகளில். ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே நிலவும் அழுத்தத்தில் அது திரவத்தைப் போல் அடர்த்தியாகி மிகக் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். மேலே நீரும் வாயுவும் ஊடுருவாத களிப்பாறை மூடிபோல் அமைந்திருக்க வேண்டும். நார்வே நாட்டின் ஸ்லைப்னர் கடலடி எரிவாயு வயலில் 1996 முதல் ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரை இவ்வாறு புதைக்கப்பட்டு வந்துள்ளது. அதற்குத் தூண்டுகோலாக அமைந்தது 1991-இல் அந்நாடு விதித்த கரியமில வாயு வரி. வரியைக் கட்டுவதைவிடப் புதைப்பது மலிவாக இருந்தது, புதைத்தார்கள்.

சிமென்ட் ஆலைக்கான முன்னோடி முயற்சியும் நார்வேயிலேயே நடந்தது. பிரெவிக் என்னும் ஊரிலுள்ள ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பு 2025 ஜூனில் திறந்துவைக்கப்பட்டது. இது அவ்வாலையின் வெளியீட்டில் ஏறத்தாழப் பாதி. முழுவதையும் பிடிக்காதது ஏன்? சூளையில் வீணாகும் வெப்பத்தைக் கொண்டே கரைசலைச் சூடாக்குகின்றனர். அவ்வெப்பம் பாதிக்கே போதுமானது. பிடித்த வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் மேற்குக் கரைக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து குழாய் வழியே கடற்படுகைக்கு 2,600 மீட்டர் கீழே செலுத்துகின்றனர். இத்திட்டத்தின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை அந்நாட்டு அரசே ஏற்றது.

தடுமாறிய திட்டங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கார்கன் எரிவாயுத் திட்டம் 2016-இல் உற்பத்தியைத் தொடங்கியும் புதைக்கும் பணியை 2019-இல்தான் தொடங்கியது. அதன்பின்னும் இலக்கை எட்டவில்லை. 2020-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்னும் சிற்றூருக்கு அருகே கரியமில வாயுக் குழாய் வெடித்து, 40-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வாயு காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். ஆழத்தில் கிடப்பதைவிடக் குழாயில் பயணம் செய்கையில்தான் அதை மிகுந்த விழிப்புடன் கண்காணிக்க வேண்டும்.

நம் நாட்டில் பிடிப்பது தொடங்கிவிட்டது, புதைப்பதே எஞ்சியிருக்கிறது. தூத்துக்குடியில் ஒரு சோடா உப்புத் தொழிற்சாலை, தன் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடித்து மூலப்பொருளாக்கும் திட்டத்தை 2016-இல் செயல்படுத்தி உலகக் கவனத்தை ஈர்த்தது. ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஸ்டீல் நிறுவனம் 2021-இல், ஊதுலை வாயுவிலிருந்து நாளொன்றுக்கு 5 டன் பிடிக்கும் சிறு அமைப்பை நிறுவியது. இவை போற்றத்தக்கவையே. எனினும், பொருளாக மாற்றப்பட்ட வாயு பெரும்பாலும் நிலையாக அடங்குவதில்லை. சோடா உப்பு கண்ணாடி உலைக்குச் சென்றால் அவ்வாயு மீண்டும் வானேறும்.

புதைக்க இடம் உண்டா? தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் நம்பிக்கை தருகின்றன. ஐஸ்லாந்தில் அத்தகைய பாறையினுள் நீரில் கரைத்துச் செலுத்திய வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் கல்லாக மாறியதாக 2016-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஆனால் அம்முறைக்கு ஒரு டன் வாயுவுக்கு 20 டன்னுக்கு மேல் நீர் தேவை. மராட்டிய மாநிலத்தின் வறண்ட உள்மாவட்டங்களில் அந்நீரை யார் தருவார்?

இனி, பணம். ஒரு டன் வாயுவைப் பிடித்துப் புதைக்க ரூ. 5,000 ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டைக்குரிய 30 கிலோவுக்கு ரூ. 150 ஆகும், பிரெவிக் போலப் பாதி மட்டும் பிடித்தால் ரூ. 75. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கணக்கிடும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. ஆகவேதான் எந்த ஆலையும் தானாக முன்வந்து இச்செலவைத் தனியே சுமப்பதில்லை. சுமந்தால், சுமக்காத போட்டியாளரின் மூட்டையே விற்பனையாகும். ஐரோப்பிய ஒன்றியம், இறக்குமதியாகும் இரும்பு, சிமென்ட், உரம் முதலியவற்றின் கரியமில வாயு அளவுக்கேற்ற எல்லைக் கட்டணத்தை 2026 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. நம் இரும்பு ஏற்றுமதியாளர்களை அது நேரடியாகத் தொடுகிறது. மின்சாரம், எஃகு, சிமென்ட், சுத்திகரிப்பு, வேதிப்பொருள் ஆகிய துறைகளில் இத்தொழில்நுட்பத்தை வளர்க்க, 2026-27 மத்திய வரவு செலவுத் திட்டம் 5 ஆண்டுகளுக்கு ரூ. 20,000 கோடியை முன்மொழிந்துள்ளது. இத்தொகையில் கோபுரங்களுக்கு எவ்வளவு, பாறையைத் துளையிட்டு ஆராய்வதற்கு எவ்வளவு என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கோபுரத்தைச் சில ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். ஒரு நிலத்தடிப் பாறை வாயுவைத் தாங்குமா என்று ஆராய்ந்து உறுதிசெய்வதற்கு அதைவிட நெடுங்காலம் ஆகும்.