அகநஞ்சும் புறநஞ்சும்

நாட்டு மருந்துக் கடைகளில் வாய்மொழியாக வரும் பாடம் ஒன்று உண்டு. சுக்குக்கு நஞ்சு தோலில், கடுக்காய்க்கு நஞ்சு கொட்டையில் என்பது அது. சுக்கை மேல்தோல் சீவிச் சேர்க்க வேண்டும். கடுக்காயைத் தட்டிக் கொட்டையை எறிந்துவிட வேண்டும். பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் அந்நாளில் கடுக்காய்க்கு இரண்டு வகை வாடிக்கை இருந்தது. கைப்பிடியளவு வாங்கிப் போகும் நோயாளி ஒருவர். மூட்டை மூட்டையாக இறக்கும், தோல் பதனிடும் ‘ஷாப்’காரர் மற்றவர்.

இருவருக்கும் வேண்டியிருந்தது அதன் துவர்ப்புதான். அறுசுவையில் துவர்ப்பை இறுக்கும் சுவையாகக் கண்டது சித்த மருத்துவம். ஈறு தளர்ந்தவர் கடுக்காய்த் தூளால் வாய் கொப்பளித்தார். வயிறு இளகியவர் அதையே உண்டார். தோல் தொட்டியிலும் நடந்தது அதே வேலை. கடுக்காயில் ஏறத்தாழ 30 சதவீதமும் ஆவாரம் பட்டையில் ஏறத்தாழ 18 சதவீதமும் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானின், தோலின் புரத இழைகளைப் பிணைத்து அழுகாமல் காத்தது. நீரிழிவுக்குப் பூவைத் தந்த ஆவாரஞ்செடி, தொட்டிக்குப் பட்டையைத் தந்தது. உருது பேசும் வணிகக் குடும்பங்கள் நிறைந்த இந்த ஊர்களில் யுனானி ஹகீம் கொடுத்த ‘இத்ரீஃபல்’ லேகியமும் கடுக்காய், நெல்லி, தான்றி என்ற அதே திரிபலாதான். பெயரும் அதிலிருந்தே பிறந்தது.

அன்று தோல், சுண்ணாம்புத் தொட்டியில் முடி கழன்று, ஆவாரம் பட்டை நீரில் ஊறி, கடுக்காய்க் குளியலில் நிறம் வெளுத்து, எண்ணெய் தடவப்பட்டு வெயிலுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை மாகாணத்தில் செம்மைப்பட்ட இந்த முறையில் பதமான தோல், ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரோடு சென்னைப் பெரியமேடு சந்தை வழியாக லண்டன் போனது. ஒரு மாட்டுத்தோல் முழுதாகப் பதமாகி வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. மருந்துக்கும் அதுபோல ஒரு கெடு இருந்தது. காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று ஒரு மண்டலம், அதாவது 48 நாள், உண்ணச் சொன்னார்கள். நோயாளியும் முதலாளியும் ஒரே காயை நம்பிப் பொறுமையோடு காத்திருந்தார்கள்.

இன்று தோலுக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. சுழலும் டிரம்மில் குரோமிய உப்போடு போட்டால் ஒரே நாளில் நீலம் பாரித்து ‘வெட் புளூ’ ஆகிவிடுகிறது. வணிகக் கணக்கில் இதன் பொருள் எளிது. முப்பது நாள் தொட்டியில் கிடக்கும் கைமுதல், ஆண்டுக்குப் பன்னிரண்டு முறைதான் கைக்குத் திரும்பும். முன்பின் வேலைகளும் சேர்த்து ஒரு வாரத்தில் வெளிவந்தால் ஐம்பத்திரண்டு முறை திரும்பும். வட்டி குறைகிறது, இடம் மிச்சமாகிறது, அதே கைமுதலில் நான்கு மடங்கு சரக்கு நடக்கிறது. 1973இல் நடுவண் அரசு பதனிடாத தோலின் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலுக்கும் அளவு வரம்பு வைத்தது. முழுப்பதத் தோல், செருப்பு, ஷூ என்று மதிப்பைக் கூட்டி விற்கச் சொன்ன கொள்கை அது. அதன்பின் பட்டைத் தொட்டிகள் குறைந்து டிரம்கள் பெருகின.

பழைய முறையைப் புகழும்போது மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. அதன் நஞ்சு கடுக்காயைப்போல உள்ளே இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் வெறுங்காலோடு இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். கை கால் வெந்ததும், நாற்றம் ஒட்டியதும், அந்த நாற்றத்தையே காரணமாக்கி ஊர் விலக்கி வைத்ததும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இன்றோ ஆம்பூரின் ஷூ தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்துகள் அவர்களை ஏற்றிவருகின்றன. தோட்டக் கூலியும் பீடிக்கூலியும் மட்டுமே அறிந்திருந்த வீடுகளில் மாதச் சம்பளம் நுழைந்திருக்கிறது. இது சிறிய ஆதாயமல்ல.

புதிய முறையின் நஞ்சு சுக்கைப்போல வெளியே இருந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்த அந்த நீர் பல ஆண்டுகள் பாலாற்றுப் படுகையில் விடப்பட்டது. ‘கடுக்காய் கொடுப்பது’ என்றால் ஏமாற்றி நழுவுவது என்று நம் பேச்சில் பொருள். கடுக்காயைக் கைவிட்ட தொழில், ஆற்றுக்குக் கடுக்காய் கொடுத்தது. அன்று பாலாற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். இன்று பல ஊர்களுக்குக் குடிநீர் வெளியிலிருந்து வருகிறது. அன்று தென்னையும் நெல்லும் விளைந்த கிணற்றுப் பாசன நிலங்களில் பல, உப்பு பூத்துக் கிடக்கின்றன.

1991இல் இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானதாக ஓர் ஆய்வு சொன்னதை நீதிமன்றம் பதிவு செய்தது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாகவே உறுதி செய்தது. பொருளியலில் இதைப் புறச்செலவு என்பார்கள். சரக்கு செய்தவன் கணக்கில் வராமல் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் விழும் செலவு அது. தீர்ப்பு அந்தச் செலவைப் பேரேட்டுக்குள் இழுத்துவந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்று நீரை வடிகட்டித் திருப்பித் தருகின்றன. வடிகட்டிய பின் எஞ்சும் உப்புதான் போக இடமின்றிக் குவிகிறது. நிலம் கெட்டவர்களுக்கான இழப்பீடு 2001இலும் 2009இலும் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியிலும் அதைக் கொடுத்து முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

கிணறு கெட்டவனின் மனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? பழைய மருத்துவத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வாதம், பித்தம், கபம் மூன்றும் தம் அளவில் நிற்பது உடல்நலம். அளவு பிறழ்ந்தால் உடலோடு மனமும் பிறழும். மனநோயைக் ‘கிரிகை’ என்று பெயரிட்டு வகைப்படுத்திய சித்தர்கள் உடலையும் மனத்தையும் இரண்டு மருத்துவரிடம் அனுப்பவில்லை. யுனானியும் தீராத துயரத்தைக் கரும்பித்தத்தின் மிகுதி என்றது. அவர்கள் சொன்ன காரணங்களை இன்றைய அறிவியல் ஏற்காது. ஆனால் நோயைத் தனி ஆளோடு நிறுத்தாமல் அவர் உண்ணும் உணவு, குடிக்கும் நீர், வாழும் நிலம், வீடு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்த பார்வை பழையதாகிவிடவில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியைத் தனியே அடைத்துவைக்காமல் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்தது. நம் வீடுகளின் பழக்கம் அங்கே நவீன மருத்துவத்தின் முறையாயிற்று. வீட்டைச் சேர்த்துக்கொண்டது மருத்துவமனை; ஆற்றைச் சேர்த்துக்கொள்ளத் தொழிற்சாலைக்கு இன்னும் நாற்பது ஆண்டு ஆனது, அதுவும் நீதிமன்றம் சொல்லி.

2008இல் ஈஸ்ட் இந்தியா தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குரோமியம் சேராத தோலுக்கு வெளிநாட்டில் தனி விலை உண்டு என்பதால் தாவரப் பதனீடும் சிறிய அளவில் தொடர்கிறது. மருந்துக் கடையிலும் கடுக்காய் இருக்கிறது. மூட்டையும் இடிகல்லும் போய்ப் பொட்டலத்தில் தூளாக வந்துவிட்டது. முழுக் கடுக்காய் கேட்டால் ஒரு விலை, கொட்டை நீக்கியது கேட்டால் அதைவிடக் கூடுதல் விலை. யாரும் பேரம் பேசுவதில்லை. நஞ்சை எடுக்கும் கூலி அந்த விலைக்குள் இருக்கிறது.