மாயூரத்து முன்சீப்பும் மன்றத்துத் தமிழும்

நீதிபதி ஒருவர் ஆசனத்தை விட்டிறங்கிய பின்னர் அவரை நினைப்பார் யாவர்? வழக்கில் வென்றவன் தன் பக்கத்து உண்மையால் வென்றதாகக் கூறுவான். தோற்றவன் நீதிபதியின் பிழையால் தோற்றதாகக் கூறுவான். இருவரும் அவருக்கு நன்றி பாராட்டுவதில்லை. அவர் எழுதிய தீர்ப்புகளோ பதிவறையிலே தூசி படிந்து உறங்கும். நம் வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் காலி வீதி தொடங்கிக் கால்வாய்க்கரை வரையுள்ள ஒழுங்கைகளிலே, ஓய்வு பெற்ற நீதவான்களும் அப்புக்காத்துமாரும் பிரசித்த நொத்தாரிசுமாரும் வாழ்ந்த மனைகள் எத்தனையோ உள. அவர்தம் பெயர்களை இன்று எடுத்துக் கூறுவார் சிலரே.

இப்பொது விதிக்கு விலக்காய் நின்றவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் உயர்நீதிமன்றத்தில் வீற்றிருந்தவர் அல்லர். சிற்றூர் மக்களின் நிலவழக்கும் கடன்வழக்கும் கேட்டுத் தீர்க்கும் முன்சீப்பு ஆவர். எனினும் அவர் பணிவிட்டு நீங்கி ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னும் தமிழுலகம் அவரை மறந்திலது. தமிழின் முதல் நாவலை எழுதினார் என்பது அதற்குப் பலரும் அறிந்த காரணம். அக்காரணத்தின் பின்னே நிற்கும் வேறொன்றையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிலே 1826 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கியமரி அம்மாளுக்கும் மகனாக அவர் தோன்றினார். குடும்பம் கத்தோலிக்க வேளாளர் குடும்பம். தமிழும் ஆங்கிலமும் முறையாகக் கற்றபின், 1848 இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்திலே பதிவேடுகளைக் காக்கும் அலுவல் அவருக்குக் கிடைத்தது. இரண்டாண்டு கழித்து அங்கேயே மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1856 இல் முன்சீப்புப் பதவி எய்தினார். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் பணியாற்றிய பின்னர், மாயூரத்திலே பதின்மூன்று ஆண்டுகள் அமர்ந்து நீதி வழங்கினார். அவ்வூர்ப் பெயரே அவர் பெயரின் முன்னொட்டாயிற்று.

அவர் பெற்ற பதவிகளுள் நடுவிலுள்ள மொழிபெயர்ப்பாளர் பதவியை நாம் எளிதிற் கடந்து செல்லுதல் ஆகாது. நீதிபதிக்கும் குடியானவனுக்கும் இடையே நின்று, ஒருவர் சொல்லை மற்றவர்க்குக் கொண்டுசெல்பவன் மொழிபெயர்ப்பாளன். ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவன் வயல் பறிபோகும். தன் வழக்கைப் பற்றித் தன் முன்னிலையிலேயே நிகழும் பேச்சு விளங்காமல் விழித்து நிற்கும் மனிதனின் முகத்தை, அவர் இளமையிலேயே நாள்தோறும் கண்டிருத்தல் வேண்டும். அவர் பின்னாளிற் செய்த செயல்களுக்கு வேர் இங்கேயே உள்ளது என்பது என் துணிபு.

1862 இலே அவர் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலை வெளியிட்டார். 1805 முதல் 1861 வரை உயர்ந்த மன்றம் ஆங்கிலத்தில் வழங்கிய தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கிய தொகுப்பு அது. முன்தீர்ப்பு என்பது வழக்காடுவோர்க்குப் படைக்கலம் போன்றது. ஆங்கிலம் அறிந்தார் மட்டுமே அதனை ஏந்த முடியும் என்றிருந்த நிலையை ஒரு முன்சீப்பு மாற்ற முனைந்தார். மேலிடத்து ஆணை எதுவும் அவரை அதற்கு ஏவிற்றிலது. தம் ஓய்வுப் பொழுதிலே, தம் முயற்சியாலே செய்தார். தமிழிலே சட்ட நூல்கள் தோன்றிய வரலாற்றில் அந்நூலுக்கு முதன்மையான இடம் உண்டு.

அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1859 இல், ‘நீதிநூல்’ வெளிவந்தது. அதிலே கைக்கூலி வாங்கும் அலுவலரைக் கடிந்து தனி அதிகாரமே பாடியுள்ளார். அலுவலில் அமர்ந்திருந்துகொண்டே அலுவலரின் இழுக்கைப் பாடுவது எளிதன்று. சுற்றியிருந்தோர் எத்துணை பேர் முகஞ்சுளித்திருப்பர் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். தம் கை தூயதென்ற உறுதி உடையான் ஒருவனே அங்ஙனம் பாடத் துணிவான்.

இனி, அவர்தம் இல்லறத்தை நோக்குவோம். ஊராரின் பிணக்குகளைத் தீர்த்து வைத்தவர் இல்லத்திலே கூற்றுவன் பன்முறை புகுந்தான். மணந்த மனைவி மறைய, மீண்டும் மணம்புரிந்தார், அவரும் மறைந்தார். இவ்வாறு ஒரு முறைக்கு மேல் அவருடைய மணவாழ்வு மரணத்தாற் குலைந்தது. தாயற்ற பிள்ளைகளை வளர்க்கும் பாரமும் அவர் தலைமேல் விழுந்தது. இத்தகைய துயருற்றோர் சிலர் உலகை வெறுப்பர். சிலர் பெண்ணைப் பழித்துப் பாடுவர். வேதநாயகரோ 1869 இல் ‘பெண்மதி மாலை’ பாடி, பெண்கல்வியின் இன்றியமையாமையையும் பெண்ணின் மானத்தையும் எடுத்துரைத்தார். பெண்மக்கள் எழுத்தறிதல் வேண்டுமா என்று நாடே ஐயுற்றிருந்த காலம் அது. தம் இல்லத்திலே விளக்கேற்றி வாழ்ந்து மறைந்தோர்க்கு அவர் செய்த நன்றிக்கடன் அந்நூல் என்றே யான் கருதுகின்றேன்.

உடல்நலக் குறைவும் மேலதிகாரி ஒருவரோடு நேர்ந்த மனவேறுபாடும் சேர்ந்து, 1872 இல் அவரை ஓய்வு பெறச் செய்தன. அப்போது அவருக்கு 46 வயதளவே. நடுவயதிற் பதவி நீங்கியவன் மூலையில் முடங்கிவிடுதல் உலக வழக்கு. இவர்க்கோ வாழ்வின் விளைச்சற் காலம் அப்போதே தொடங்கிற்று. மாயூரம் நகரசபைத் தலைவராய் ஊர்ப்பணி செய்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்திலே, தம் பொருளை ஏழைகளின் பசிக்கு வாரி வழங்கினார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், அக்கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார் என்பர்.

சமயப் பிணக்கு மலிந்த காலத்திலே இவர் வளர்த்த நட்பும் எண்ணத்தக்கது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரை இவர் புகழ்ந்து பாடினார். கத்தோலிக்கர் ஒருவர் சைவ மடத்துத் தலைவரைப் பாடுவதும், சைவப் பெரும்புலவர் ஒருவர் கத்தோலிக்கரைக் கோவைத் தலைவராக்குவதும் நம் தமிழ் கண்ட அரிய காட்சிகள். 1878 இல் வெளிவந்த ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ அந்த உள்ளத்தின் இசைவடிவம்.

1879 இலே ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தோன்றியது. மகனும் மருமகளும் எவர் வீட்டில் வாழ்வது என்னும் சிறு பூசலிலே இரு குடும்பத்தார் பிணங்கி நிற்பதையும், தாய் சுந்தரத்தண்ணியின் மதிநலத்தையும் அதிலே காண்கின்றோம். எத்தனையோ குடும்ப வழக்குகளைக் கேட்ட காது அங்கே பேசுகின்றது. கதைத் தலைவி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு, விக்கிரமபுரி என்னும் நாட்டுக்கு அரசாகி, செங்கோல் செலுத்துகின்றாள். நீதியாசனத்திலே பெண்ணொருத்தியை அமர்த்திப் பார்க்கும் துணிவு அந்நாளில் அந்த முன்சீப்பின் எழுதுகோலுக்கு இருந்தது. தமிழ் வழக்காளிகளின் வழக்கிலே, தமிழ் நீதிபதியின் முன்னே, தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதிடும் வேடிக்கையையும் அந்நூல் நகைத்துக் கண்டிக்கின்றது.

அவர் எழுதிய உரைநடை எங்கிருந்து பிறந்தது? தீர்ப்பைத் தமிழாக்கப் பழகிய கையே கதையையும் உரைநடையில் எழுதியது என்பேன். வாக்குமூலம் என்பதும் ஒரு கதையன்றோ? இதற்கு நம் நாட்டிலும் ஓர் ஒப்புமை உண்டு. 1885 இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ எழுதி ஈழத்து நாவலுக்கு வித்திட்டவர், கண்டியிலே வழக்கறிஞராய் விளங்கிய சித்திலெப்பை. இரு கரையிலும் நாவலுக்கு முதற்கால் நாட்டியவர்கள் நீதிமன்றத்து மனிதர்களே.

மன்றத்திலே மக்கள்மொழி என்னும் கொள்கை நமக்குப் புதியதும் அன்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்தபோது, அது தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் காட்டப்பட்டது. அவர்கள் படித்து உடன்பட்ட பின்னரே அது நிலைபெற்றது. அதற்கும் பன்னூறாண்டு முன், கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைத்தபோது, அவளுக்கும் அரசனுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் எவரும் நின்றிலர். அவள் சொல் நேரே சென்றது; ஆதலின் அரசன் தன் பிழையை உடனே உணர்ந்தான்.

இன்றைய நிலை யாது? 1956 இல் வந்த தனிச்சிங்களச் சட்டமும் 1961 இல் வந்த நீதிமன்ற மொழிச் சட்டமும் தந்த துன்பத்தை நம் தலைமுறை அறியும். 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, மன்றத்தில் வழங்கும் மொழி அறியாத வழக்காளிக்கு உரைபெயர்ப்பும், பதிவேட்டின் மொழிபெயர்ப்பும் அரசு தருதல் வேண்டும் என விதிக்கின்றது. எழுத்திலே உரிமை இருக்கின்றது. ஆயின் அதனைக் கையிற் பெறுதல் எளிதாக உள்ளதா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஒழுங்கையில் வாழும் கைம்பெண் ஒருவர், காணி வழக்கொன்றில் தமக்கு வந்த தாளோடு என்னிடம் வந்தார். “மாஸ்டர், நீங்கள் படிச்சனீங்கள், இதில என்ன எழுதியிருக்கெண்டு சொல்லுங்கோ” என்றார். தாள் முழுவதும் சிங்களம். தொல்காப்பியம் பயின்றும் என்ன பயன்? அண்டை வீட்டுச் சிங்கள ஆசிரியர் ஒருவர் அன்போடு படித்துச் சொல்ல, யான் தமிழாக்கிக் கூறினேன். அடுத்த தவணை நாள் மறுநாளே என்று அப்போதுதான் அவ்வம்மையார் அறிந்தார். மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமை தமக்குண்டு என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை; கேட்டிருந்தாலும் மறுநாளைக்குள் அது கைக்கு வந்திராது.

தமிழ் கற்ற நம் மாணவர்க்கு ஆசிரியத் தொழில் ஒன்றே கதி என்று பலர் எண்ணுகின்றனர். சிங்களமும் ஆங்கிலமும் செவ்வையாகக் கற்று, மன்றங்களிலே மொழிபெயர்ப்பாளராய்ச் செல்வோர் வேண்டும். அது தாழ்ந்த பணி என்று கருதுவோர், வேதநாயகர் ஆறாண்டு காலம் அப்பணியில் இருந்தே முன்சீப்பு ஆனார் என்பதை நினைக்க. தமிழாசிரியராகிய நாமும், செய்யுளோடு சட்டச் சொற்களையும் மாணவர்க்குப் பயிற்றுதல் வேண்டும். சங்கங்கள் ஆண்டுவிழாவுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால், அதனினும் சிறந்த தமிழ்த்தொண்டு வேறில்லை.

1889 ஆம் ஆண்டு சூலை 21 ஆம் நாள், 62 ஆம் வயதில், வேதநாயகர் உலகவாழ்வை நீத்தார். அவர் தீர்த்த வழக்குகளின் வாதியும் பிரதிவாதியும் மறைந்தனர். அவர்கள் வழக்காடிய வரப்புகளும் உருமாறியிருக்கும். நீதி கேட்டு வருவோனுக்கு அவன் மொழியிலேயே விடை கூறுதல் வேண்டும் என்னும் அவருடைய வழக்கு மட்டும் இன்னும் தீர்ப்பின்றி நிலுவையில் உள்ளது. அவ்வழக்கை நடத்தும் கடமை நம்முடையது.