வீடு எழும் வரை

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். செலவைப் பற்றியும் அலைச்சலைப் பற்றியும் அப்பழமொழி எச்சரிக்கிறது. ஆனால் பழைய வீட்டைப் பிரித்த நாளுக்கும் புது வீட்டில் பால் காய்ச்சும் நாளுக்கும் இடையே கிடக்கும் மாதங்களை ஒரு குடும்பம் எவ்வாறு கழிக்கும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதங்களைப் பற்றியே ஈண்டு எழுத முற்பட்டோம். தொழில் செய்யுமிடமும் குடியிருக்குமிடமும் ஒன்றாகவே உடைய நெசவாள அங்கத்தினர்க்கு இது சிறு விஷயமன்று.

தேனியிலிருந்து கிழக்கே சக்கம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் செல்வோர்க்கும், தென்மேற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கின் வழி நெடுகச் செல்வோர்க்கும் ஒரு காட்சி தப்பாது தென்படும். நாட்டு ஓட்டு வீடு இருந்த மனையில் இடுப்பளவு சுவர் நிற்கும். அருகில் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் கட்டிய கொட்டகையில் அடுப்பு எரியும். 2016 ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம், வீட்டின் பரப்பு 25 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என வகுத்தது. அதாவது ஏறத்தாழ 269 சதுர அடி. 2024 ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. இத்தகைய உதவியோடு கட்டுவோரும் உண்டு; சேமிப்பையும் நகைக்கடனையும் நம்பிக் கட்டுவோரும் உண்டு. இரு சாராரும் காத்திருத்தல் ஒன்றில் மட்டும் சமமே.

ஒரு குழித்தறிக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நெய்பவர் உட்காரும் குழி, பாவு நீளும் இடம், அறுந்த இழையை முடியப் பக்கத்தில் நடக்கும் வழி எல்லாம் சேர்த்து எட்டு அடிக்குப் பத்து அடி என்று கொள்வோம். அது 80 சதுர அடி. 269 சதுர அடியில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். ஆதலின் நெசவாளர் வீடு என்பது, தறி தன் பங்கைப் பெற்றுக்கொண்டபின் மிச்சத்தில் மனிதர் வாழும் இடமேயாகும். அவ்வீட்டைப் பிரிக்கும்போது முதலில் வீதிக்கு வருவது மனிதரல்லர், தறியே.

சக்கம்பட்டியில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தார் பொங்கல் கழிந்ததும் வீட்டைப் பிரித்தனர். வைகாசியில் குடிபுகுந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. தறியைப் பிரிக்கையில் அச்சிலும் விழுதிலும் கோத்திருந்த பழைய பாவின் நுனியை அறுத்தெறியாமல் அப்படியே சுருட்டி வைத்தனர். இது சிறந்த பழக்கம். மறுபடி தறி போடும்போது புதுப் பாவின் இழைகளை அந்நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்துவிடலாம்; ஆயிரக்கணக்கான இழைகளை விழுதிலும் அச்சிலும் புதிதாகக் கோக்கும் வேலை மிஞ்சும். ஆனால் கஞ்சி ஏறிய நூலின்மேல் எலிக்கு உள்ள ஆசை சொல்லி முடியாது. எனவே அச்சுக் கட்டு கொட்டகைக் கழியில் தொங்கிற்று. குழந்தையின் தொட்டிலுக்கு அடுத்த இடம் அதற்கே கிடைத்தது.

தறிமரங்கள் வீட்டுக்காரரின் மச்சான் வீட்டுத் திண்ணைக்குச் சென்றன. அங்கே குழி தோண்ட இயலாது. ஆகவே சட்டத்தில் பொருத்தி நெய்ய முயன்றனர். மாசி, பங்குனியில் ஒருவாறு ஓடிற்று. குழித்தறியின் அருமை அதை விட்டுப் பிரிந்தபின்தான் தெரியும். பருத்தி நூல் ஈரம் வற்றினால் வலுக் குறையும். பூமிக்குள் இறங்கிய குழி பாவுக்கு அடியிலிருந்து சற்றே குளிர்ச்சி தந்து இழையைக் காக்கிறது. திறந்த திண்ணையில் மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் இழை அறுபடுவது மிகுந்தது. அறுந்ததை முடிவதிலேயே நேரம் போயிற்று. ஆனியில் தறி நின்றது.

தேநீர்க் கடைப் பலகையில் முதியவர் ஒருவர் அவரை, "என்ன மாப்பிள்ளை, தறி எப்படி இருக்கு?" என்று கேட்டார். "மச்சான் வீட்டுத் திண்ணையில விருந்தாடியா இருக்கு மாமா, வேலை ஒண்ணும் செய்யறதில்லை" என்பது அவர் விடை. சுற்றியிருந்தோர் சிரித்தனர், அவரும் சிரித்தார்.

ஓய்வு என்பது என்ன என்பதைப் பற்றி அங்கே நமக்கு ஓர் எண்ணம் உண்டாயிற்று. மாதச் சம்பளக்காரர்க்கு ஓய்வு என்பது வேலை முடிந்தபின் வருவது. நெசவாளர்க்கு அவ்வாறன்று, அவருடைய ஓய்வு வேலைக்குள்ளேயே இழையோடிக் கிடக்கிறது. நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே கொடைக்கானல் பண்பலையில் பாட்டுக் கேட்பர். மனைவி தார் சுற்றிக்கொண்டே ஊர்ச் செய்தி சொல்லுவார். பாவு முடிந்து அடுத்தது வரும் வரை அரைநாள் கடைத்தெருவுக்குச் செல்வர். தறி நின்றதும் இவையெல்லாம் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. கையில் மிஞ்சுவது நேரம் மட்டுமே. "சும்மா இருக்கிறதுக்குப் பழக்கம் இல்லைங்க ஐயா, கால் மிதியைத் தேடுது" என்று அவர் நம்மிடம் கூறினார்.

குழந்தைகளின் நிலை வேறு. வீட்டு முன் கொட்டிய மணற்குவியல் அவர்களுக்கு அரண்மனை. இக்காலத்து எம்-சாண்ட், ஆற்று மணலைப்போல் பாதத்துக்கு இதமாயிராது. எனினும் அவர்கள் குறை சொல்வதில்லை. வாசற்படிக்கென வாங்கிக் கிடத்திய கல்லில் முதியோர் இருவர் கரிக்கட்டியால் கோடு கிழித்து ஆடுபுலி ஆடுவர். கொத்தனார் கல்லைக் கேட்கும் நாளில் ஆட்டம் நடுவில் கலையும், புலிக்காரர்க்கு வருத்தம். நிலை வைக்கும் நாளோ அரைத் திருநாள்: மஞ்சள் பூசிய நிலையின்கீழ் நவதானியம் இட்டு, சுமங்கலிகள் நின்று, கொத்தனார்க்கும் ஆசாரிக்கும் வேட்டி வழங்கப்படும். சுவர் இல்லாத வாசலுக்குள் நுழைந்து சிறுவர் மறுபுறம் ஓடுவர்.

ஓய்வு பற்றிப் பேசும்போது பெண்டிரை மறத்தலாகாது. தறி நின்றதால் தார் சுற்றும் வேலை இல்லையென்பது மெய்தான். ஆனால் அவ்விடத்தில் சுவருக்குத் தண்ணீர் விடுதல், கொத்தனார்க்குத் தேநீர், காற்றில் அணையும் அடுப்பு, இரவில் சிமெண்ட் மூட்டைக்குக் காவல் எல்லாம் வந்து சேருகின்றன. காத்திருக்கும் மாதங்களில் ஓய்வு ஆடவர்க்கு மிகுந்தும் பெண்டிர்க்குக் குறைந்தும் பங்காவதை நாம் பல வீடுகளிற் கண்டோம். இது சரியான பங்கீடு என்று எவரும் வாதிக்கமாட்டார்.

வைகாசிக் கணக்கு ஏன் தவறிற்று? சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா எட்டு நாள். கொத்தனாரும் சித்தாளும் அங்கே. வீட்டுக்காரரும் தீச்சட்டி நேர்ந்திருந்தார். முல்லையாற்றங்கரையில் மாவட்டமே கூடும் அந்நாட்களில் எந்த மேஸ்திரியையும் வேலைக்கு அழைத்துப் பயனில்லை. அழைப்பவரையும் ஊரார் மதியார். பின்பு கூரை போட்டது வைகாசிக் கடைசியில். அதற்குப்பின் ஆடி வந்தது. ஆடியில் குடிபுகுதல் வழக்கமில்லை.

கூரை போட்டபின் வரும் காத்திருப்பைப் பற்றிச் சற்று விரித்துரைப்பது அவசியம். மற்றக் காத்திருப்புகள் நம்மேல் சுமத்தப்படுபவை. இதுவோ வீட்டின் வலுவுக்கே உரியது. சிமெண்ட் உலர்வதால் இறுகுவதில்லை. நீரோடு சேர்ந்து வேதிமாற்றம் அடைவதாலேயே இறுகுகிறது. இன்று பெரும்பாலும் கிடைப்பது நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட். அதனால் போட்ட தளத்தைப் பத்து நாளுக்குக் குறையாமலும், வெயிலும் வறட்சியும் கடுமையாயின் பதினான்கு நாளும் ஈரம் காயாமல் வைத்திருத்தல் வேண்டும். தளத்தின்மேல் களிமண்ணால் சிறு வரப்புக் கட்டி, வயலைப்போல் நீர் தேக்குவதே எளிய முறை. நம் பகுதியில் அம்மாதங்களில் வீசும் காற்று, காலையில் தேக்கிய நீரை மாலைக்குள் உறிஞ்சிவிடும். இதில் அவசரப்பட்டு முட்டைப் பிரிப்போர், மழை ஒழுகும் வீட்டைக் காசு கொடுத்து வாங்கியவராவர். நாம் கூறிய நெசவாளர் இப்பதினான்கு நாளும் தளத்தின்மேலேயே குடியிருந்தார் எனலாம். வரப்பு உடைந்தால் அடைப்பதும், குடத்தில் நீர் ஏற்றுவதுமாக அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. வேலை கிடைத்துவிட்டதல்லவா!

பள்ளத்தாக்கின் விவசாய அங்கத்தினர்க்குக் காத்திருத்தல் இவ்வளவு கொடிதன்று. வீடு பிரிந்தாலும் வயல் பிரிவதில்லை. 1895 ஆம் ஆண்டு முதல் பெரியாறு அணையின் நீரால் வளம் பெறும் இப்பகுதியில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் உண்டு. ஜூன் தொடக்கத்தில் நீர் திறந்துவிட்டால் அவர்க்கு வீட்டை நினைக்கவும் நேரமிராது. பன்னீர் திராட்சை பயிரிடுவோர் கவாத்து செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை காண்பர். ஆதலின் ஒரு கவாத்துக்கு அடித்தளம், அடுத்த கவாத்துக்குக் கூரை என்று வீடும் கொடியைப்போல் பருவம் பார்த்து வளர்கிறது. விலை சரிந்த பருவத்தில் கம்பி நீட்டிய தூண்கள் அப்படியே நிற்கும். பந்தலின்கீழ்க் கட்டில் போட்டு உறங்குவோரைக் கண்டு நாம் இரங்கியதில்லை, பொறாமைப்பட்டதுண்டு.

நெசவாளர் வீடு பற்றிய கவலை கூட்டுறவுக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் 1844 ஆம் ஆண்டில் கடை திறந்த இருபத்தெண்மர் சங்கத்தில் கம்பளி நெசவாளரும் இருந்தனர். அவர்களுடைய நோக்கங்களில் கடைக்கு அடுத்தபடியாக எழுதப்பட்டிருந்தது, அங்கத்தினர்க்கு வீடு கட்டுதல். வீடுகள் எழப் பல ஆண்டுகள் சென்றன. ஆனால் அதற்கு முன்பே கடைக்கு மேல்மாடியில் வாசகசாலை வந்துவிட்டது. வீட்டுக்குக் காத்திருந்தோர் மாலையில் செய்தித்தாள் படிக்க ஓர் இடம் பெற்றனர். நம் நாட்டில் 1953 ஆம் ஆண்டு ஆலைத் துணிமீது விதித்த மேல்வரி நிதியிலிருந்து நெசவாளர் குடியிருப்புகளுக்கும் உதவி கிடைத்தது. 1985-86 இல் தறிக்கூடமும் வீடும் சேர்ந்த திட்டம் ஒன்றை மத்திய அரசு தொடங்கிற்று. வீட்டையும் தறியையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்பது எவரும் புதிதாய்க் கண்டுபிடிக்க வேண்டிய உண்மையன்று. எனினும் வீடு எழும் வரை தறி எங்கே இருப்பது என்ற கேள்விக்கு எத்திட்டத்திலும் ஒரு வரி நாம் கண்டதில்லை.

இதில் நட்டம் கூலி மட்டுமன்று. நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில், கூலி ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் செலுத்த, 4 காசு அரசு சேர்ப்பது ஏற்பாடு. கூலி இல்லாத மாதத்தில் எட்டும் இல்லை, நான்கும் இல்லை. உண்பதற்கோ பணம் வேண்டும். அது பூச்சு வேலைக்கென ஒதுக்கியதிலிருந்து போகும். பூசாத சுவரோடு ஐந்தாண்டு நிற்கும் வீடுகள் பலவற்றின் கதை இதுவே.

சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பெரும்பாலான நெசவாளர் சங்கங்களில் ஒரு கூடமோ, முன்போல் சரக்கு நிறையாத கிடங்கோ இருக்கிறது. அதில் குழி வேண்டாத சட்டத்தறிகள் இரண்டோ மூன்றோ நிறுத்தி, வீடு கட்டும் அங்கத்தினர்க்கு முறைவைத்து வழங்கலாம். நாற்புறமும் சுவருள்ள இடமாதலால் காற்று உலர்த்தாது. தரையில் நீர் தெளித்தால் இழையும் பொறுக்கும். வாடகை கேட்கவேண்டுவதில்லை, தறி ஓடினால் சங்கத்துக்கும் துணி வருகிறது. மாலையில் அக்கூடத்திலேயே ஒரு மேசையும் இரண்டு செய்தித்தாளும் போட்டால், காத்திருப்போர்க்குத் தேநீர்க் கடைப் பலகையைத் தவிர வேறோர் இடமும் கிடைக்கும். நிர்வாகக் குழுவினர் தங்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைப்பார்களாக.

மற்றொன்று வீடு கட்டுவோர் கவனிக்க வேண்டியது. தரை போடுமுன் தறிக்குழியின் இடத்தை அளந்து கோடு போட்டுக் கொத்தனாரிடம் காட்டிவிடல் வேண்டும். பளபளக்கும் டைல்ஸ் பதித்தபின் அதை உடைத்துக் குழி தோண்ட எந்த வீட்டுப் பெண்ணும் சம்மதிக்கமாட்டார். உடைத்தாலும் ஈரம் வராமல் கட்ட இயலாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் ஊறிக் குழி நிரம்பும் தெருக்களில், உட்புறம் செங்கல் கட்டிச் சிமெண்ட் பூசிவிடுவது நலம்.

சக்கம்பட்டிக் குடும்பத்தார் ஆவணியில் ஒரு வாஸ்து நாள் பார்த்துப் பால் காய்ச்சினர். குழிப் பூச்சு அன்று ஈரமாயிருந்தபடியால், தறி மட்டும் நான்கு நாள் கழித்து உள்ளே வந்தது. அன்றிரவே பழைய பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைக்க உட்கார்ந்துவிட்டனர். எலி கடித்திருந்தது ஏழு இழைகளையே என்று வீட்டுக்காரர் எண்ணிச் சொன்னார்.